நாஞ்சில் நாட்டுக் கோயிலும் மனையும்

இறைவன் உறையும் இடத்தைக் கோயில் என்றும், மக்கள் உறையும் இடத்தை மனை என்றும் இன்று நாம் பிரித்துப் பேசுகிறோம். கோயில் என்னும் சொல்லுக்குள்ளேயே 'இல்' என்பது அடங்கியிருப்பதைப் பலரும் நினைப்பதில்லை. அரசன் வாழ்ந்த இல்லமும் ஆண்டவன் வாழும் இல்லமும் பண்டு இவ்வொரு பெயராலேயே வழங்கின. இச்சொல்லின் உண்மையைக் கண்ணாரக் காண விழைவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாகர்கோவில் வரையில் வந்தாற் போதும்.

அந்நகருக்குப் பெயர் தந்த நாகராஜர் திருக்கோயிலில் அனந்தகிருஷ்ணர் சந்நிதியும், தூண்களில் சமண தீர்த்தங்கரர் திருவுருவங்களும், மகாமேரு மாளிகை எனப்படும் ஓங்கிய வாயிலும் உள்ளன. இவற்றைக் கண்டு வியக்கும் அன்பர் பலர், மூலவரின் கருவறைக்கு மேலே கண்ணை உயர்த்துவதில்லை. உயர்த்தினால் அங்கே பொன்னும் இல்லை, செம்பும் இல்லை, கல்லும் இல்லை. ஓலைக் கூரையே இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் பழைய ஓலையைக் களைந்து புதிய ஓலை வேய்கின்றனர். கருவறைத் தரையோ ஈரம் காயாத மணல். அம்மணலே பிரசாதம். அது தட்சிணாயனம் ஆறு திங்களும் கறுத்தும், உத்தராயணம் ஆறு திங்களும் வெளுத்தும் தோன்றும் என்பது வழிவழி வரும் நம்பிக்கை.

கல்லில் எதையும் செய்ய வல்ல கைகள் நிறைந்த நாடு இது. சுசீந்திரத்தில் ஒரே கல்லில் பல தூண் கடைந்து, தட்டினால் இசை பிறக்கச் செய்தவர் வாழ்ந்த மண். அவர்களுக்கு ஒரு சிறு கருவறையின் மேல் கல்விதானம் அமைக்கத் தெரியாதா? செல்வமின்மையும் இதற்குக் காரணமன்று. ஓலை ஓராண்டில் பழுதாகும் என்று அறிந்தே ஓலையை வைத்தனர் என்று கொள்வதே பொருந்தும். கூரை பழுதாவதால் அடியவர் ஆண்டுக்கு ஒருமுறை கூடுகின்றனர்; கூடுவதால் வேயும் கைத்திறம் அழியாதிருக்கிறது. கற்கோயிலுக்குப் பன்னீராண்டுக்கு ஒருமுறை வரும் குடமுழுக்கு, நாகராஜர் கூரைக்கு ஆண்டுதோறும் வருகிறது எனலாம்.

நாஞ்சில் நாட்டு மனைகளும் இந்த முறையையே பின்பற்றி வந்தன.

அதை விளங்கிக்கொள்ள இந்நாட்டின் காற்றையும் மழையையும் முதலில் அறிதல் வேண்டும். தோவாளை, அகஸ்தீசுவரம் என்னும் இரு வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. தமிழகத்தின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழ, இந்நிலமோ இரு பருவத்தும் நனைகிறது. இடவம் பாதியில் தென்மேற்கிலிருந்து ஒரு மழை. துலாத்தில் வடகிழக்கிலிருந்து மற்றொன்று. வயலும் அதற்கேற்பக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருமுறை விளைகிறது. பயிரின் பெயரே அறுவடை மாதத்தின் பெயராக அமைந்தது உழவர் கண்ட கணக்கு. இரு மழைக்கும் இடையே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று வேறு. முப்பந்தலில் 1980களிலிருந்து காற்றாலைகள் நாட்டப்பட்டதைக் கண்டு இன்று வியக்கிறோம். அக்காற்றின் வலிமையை முன்னோர் தம் ஓட்டைப் பறிகொடுத்தே கற்றிருப்பர் போலும்!

ஆகவே அவர்கள் கூரையைத் தாழ்த்தினர். பழைய வீட்டின் தாழ்வாரத்தில் நெட்டையர் தலை குனியாமல் நுழைய முடியாது. பணிவைக் கற்பிக்கவே அவ்வாறு கட்டினர் என்று சொற்பொழிவாளர் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன், இனிய கருத்தே. ஆயினும் சுவர் மண்சுவர், மழை சாய்ந்து பெய்யும் மழை என்பதை மறத்தல் ஆகாது. இறவாரம் இரண்டு முழம் வெளியே நீண்டு தாழ்ந்தால்தான் சாரல் சுவரைத் தொடாது. கூரையின் சரிவு குறைந்தால் காற்று மழைநீரை ஓட்டின் இடுக்கு வழியே மேல்நோக்கித் தள்ளிவிடும். சரிவு மிகுந்தாலோ ஓடு நழுவும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான சரிவைக் கண்டதே ஆசாரியின் கலை.

வீட்டின் நடுவே முற்றம். நாற்புறக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து மழையை அங்கே இறக்கும். கல் பாவிய வடிகால் அதனைப் புறத்தே போக்கும். கோடையில் சூடேறிய காற்று அவ்வழியே மேலெழ, திண்ணை வழியும் புறவாசல் வழியும் குளிர்காற்று உள்ளே புகும். நெல் காய்வதும், பிள்ளைகள் விளையாடுவதும், திருவாதிரை நிலவு விழுவதும் அங்கேதான். நெல்லை வைக்க அறைப்புரை. அது தரையைத் தொடாமல் உயர்த்திப் பலகையால் அடைத்த அறை. கன்னிப்பூ அறுவடை ஈரக்காலத்தில் வருவதால் நெல்லுக்கு அடியிலும் காற்று வேண்டியிருந்தது. மனிதர் மண்சுவருக்குள் படுக்க, நெல் அயினிப் பலகைக்குள் உறங்கிற்று. எதை மதித்தார்கள் என்பது இதனாலேயே விளங்கும்.

கூரைக்கு நாள் குறித்ததும் பயிரே. கும்பப்பூ அறுத்து முடிந்தபின் வைக்கோல் உண்டு, ஆள் உண்டு, வெயில் உண்டு. சித்திரையிலும் வைகாசித் தொடக்கத்திலும் ஊரெங்கும் கூரைமேல் ஆட்கள் நிற்பர். ஓலை வீடாயின் முடைந்த ஓலை மாற்றுவர். ஓட்டு வீடாயின் ஓட்டைப் பிரித்துத் துடைத்து, உளுத்த பட்டியலை நீக்கி, மீண்டும் அடுக்குவர். என் பாட்டனார் வீட்டில் அவ்வாறு ஒருநாள் கூரை பிரிந்திருந்தபோது, அடுக்களைக்குள் வெயில் விழக் கண்டு நாங்கள் சிறுவர் கூத்தாடியது இன்றும் நினைவில் நிற்கிறது. பாட்டியார் மட்டும் மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாளில் மழை வந்துவிட்டால்?

இனி அளவைப் பற்றிச் சிறிது. கோயில் கட்டுவதற்குத் தந்திர சமுச்சயமும், மனை கட்டுவதற்கு 16ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூசது இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகையும் மேற்கே வழங்கின. கிழக்கே மயமதமும் மனையடி நூல்களும் வழங்கின. நடுவிலிருந்த நம் நாட்டுத் தச்சர் இருபுறத்துக் கணக்கையும் அறிந்திருந்தனர். 24 விரல் கொண்டது ஒரு கோல். இன்றைய அளவில் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். மனையின் சுற்றளவைக் கோலால் அளந்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுக்க எஞ்சுவதே யோனி. ஒற்றைப்பட எஞ்சினால் நன்று, இரட்டைப்பட எஞ்சினால் ஆகாது என்பர். 27 கோல் சுற்றளவாயின் பெருக்கிவர 81; எட்டால் வகுக்க எஞ்சுவது ஒன்று; அது துவஜ யோனி, கிழக்குக் கட்டுக்கு உரியது. இதில் நம்பிக்கை உடையோர் உளர், இல்லாதோரும் உளர். ஆயினும் தன் விருப்பப்படி நீட்டிக் கட்ட நினைக்கும் செல்வரை 'இன்னும் நான்கு விரல் குறையுங்கள்' என்று ஓர் ஆசாரி நிறுத்த முடிந்த காலம் அது. கோயில் சுற்றம்பலத்துக்குக் கோல் பிடித்த குடும்பமே ஊர் வீடுகளுக்கும் கோல் பிடித்தது. அதனாலேயே ஊரும் கோயிலும் ஒரே முகத்தோடு விளங்கின.

இம்முகத்தின் முழு அழகைக் காண விரும்புவோர் நாஞ்சில் நாட்டு எல்லையைக் கடந்து, தக்கலைக்கு அருகே கல்குளம் சென்று பத்மநாபபுரம் அரண்மனையைக் காணல் வேண்டும். இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601ஐ ஒட்டி எழுப்பி, மார்த்தாண்டவர்மர் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் விரித்துக் கட்டியது அது. 1750இல் அம்மன்னர் நாட்டையே ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு அடியறைவைத்துத் தாம் அவருடைய தாசராக நின்றபின், ஊரும் பத்மநாபபுரம் ஆயிற்று. அங்குள்ள உப்பரிகை மாளிகை நான்கு நிலை கொண்டது. கீழே கருவூலம், மேலே மன்னரின் கட்டில், அனைத்துக்கும் மேலே சுவரோவியங்கள் சூழ்ந்த நிலை இறைவனுக்கு உரியது. ஓர் இல்லத்தின் உச்சி மாடத்தை ஆண்டவனுக்கு விட்டுத் தாம் அதன்கீழே உறங்கிய மன்னர் அவர்.

ஆயினும் அவ்வரண்மனையில் என் நெஞ்சைக் கவர்ந்தது அதன் அடக்கமே. கூரை நம் தெருவீட்டுக் கூரைதான். சற்றுப் பெரிது, அவ்வளவே. பூமுகத்தின் மரவிதானத்தில் தாமரை மலர்களைச் செதுக்கியுள்ளனர். மந்திரசாலையில் வண்ண அபிரகத் தகடுகள் பதித்த சாளரங்கள் வெயிலை வடிகட்டித் தருகின்றன. மரச்சட்டங்கள் வழியே காற்று வரும், மழை வராது, உள்ளிருப்பவர் வெளியே காண்பர், வெளியே உள்ளவர் உள்ளே காணார். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்து இழைத்தது என்று சொல்லப்படும் கருந்தரை, முகம் பார்க்கும் அளவு மின்னுகிறது. மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூணும், வானம் நோக்கிய முற்றமும் உள்ளன. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையின் பேணுதலிலேயே இருந்து வருகிறது. 2014இல் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் முற்பட்டியலிலும் இடம்பெற்றது. நவராத்திரிக்கு ஆண்டுதோறும் தேவாரக்கெட்டு சரஸ்வதி தேவி திருவனந்தபுரம் புறப்படுவதும் இங்கிருந்துதான்.

அரண்மனை பிழைத்தது, மனைகள் பிழைக்கவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கென 1926இல், கொல்லம் 1101இல், இயற்றப்பட்ட சட்டம் மருமக்கள் வழிக்கு முடிவு தேடிற்று. கவிமணி அவ்வழியின் கொடுமையைப் பாடி வைத்ததை அறிந்த எவரும் அச்சட்டம் வந்ததற்கு மகிழவே செய்வர், யானும் அவ்வாறே. ஆயினும் பாகம் பிரிந்தபோது முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. பாதி முற்றத்தில் மழை இறங்க வழியில்லை, மேலே மூடினர். மூடியபின் காற்றில்லை, மின்விசிறி வந்தது. சிமெண்டுத் தளம் வந்தபின் சித்திரையில் கூரை ஏறும் வேலையும் ஒழிந்தது. உழைப்பு ஒழிந்தது நன்மையே என்று இல்லத்தரசியர் கூறினால் மறுக்க எனக்கு வாயில்லை. ஒழுகும் ஓட்டின்கீழ் பாத்திரம் வைத்து இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அவர்கள்.

கோயிலில் இது நேரும்போதுதான் மனம் பொறுப்பதில்லை. இம்மாவட்டத்து ஊர் ஒன்றில் திருப்பணி என்ற பெயரால் சுற்றம்பலத்து மரக்கூரையை முற்றும் இறக்கிவிட்டுச் சிமெண்டுத் தளம் போட்டனர். கழுக்கோல்களை விறகாக விலை கூறியதைக் கண்ணால் கண்டேன். அவற்றில் ஓர் இரும்பாணியும் இல்லை, மரமுளைகளாலேயே பிணைத்திருந்தனர். மூன்றாவது மழைக்காலத்திலேயே புதிய தளம் கசியத் தொடங்கிற்று. ஓடு கசிந்தால் ஓர் ஓட்டை மாற்றலாம். தளம் கசிந்தால் எங்கே கசிகிறது என்று காண்பதே அரிது.

ஜப்பான் நாட்டில் ஈசே என்னுமிடத்துப் பெருங்கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை முற்றும் புதிய மரத்தால் பக்கத்து நிலத்தில் கட்டி, இறையுருவை மாற்றுகின்றனர். 2013இல் அவ்வாறு கட்டினர். 2033இல் மீண்டும் கட்ட உள்ளனர். இளைஞனாக உளி எடுத்துக் கொடுத்தவன் அடுத்த முறை தானே உளி பிடிக்கிறான். அதற்கடுத்த முறை மேற்பார்வை செய்கிறான். நம் திருவட்டாற்றிலோ ஆதிகேசவப் பெருமாளுக்கு 1604க்குப் பின் 418 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 6 அன்று கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அந்நன்னாளைக் கண்ட நாம் பேறு பெற்றோம். ஆயினும் அத்தனை இடைவெளியில் தச்சுக்கலை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வர ஊர் மனைகளின் சித்திரைக் கூரைகளே கைகொடுத்திருக்கும் என்று எண்ணுகிறேன். வீட்டில் பழகிய கையே கோயிலுக்கு வந்தது. இனி அந்தக் கை எங்கே பழகும்?

பொருள் வழங்கும் புரவலர்க்கு ஒரு விண்ணப்பம். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் கொடுப்போர் பலர்; அவர் பெயர் கல்லில் நிற்கிறது, நிற்கட்டும். ஆண்டுதோறும் வைகாசிக்கு முன் ஓடு பிரித்து அடுக்கவும், ஓர் ஆசாரியும் அவர்கீழ் ஓர் இளைஞனும் அக்கூலியைப் பெறவும் ஒரு கட்டளை ஏற்படுத்துவோர் உண்டா? விளக்குக்கும் மாலைக்கும் கட்டளை வைத்த நாட்டில் இது புதுமை ஆகாது. செலவும் ஒரு பெருவிழாவின் வாணவேடிக்கையைத் தாண்டாது.

ஆடித் திங்களில் நாகராஜர் கூரை புதிதாகும் அந்நாட்களை ஒட்டியே நம் கோயில்களில் நிறைபுத்தரிசி வழிபாடும் நடைபெறுகிறது. வயலில் முதலில் முற்றிய கதிர்களை இறைவன் திருமுன் வைத்துப் பூசித்து அடியவர்க்கு வழங்குவர். வாங்கிய கதிரை வீட்டு வாயிலின் மேல்உத்தரத்தில் கட்டுவது மரபு. சென்ற ஆண்டு யானும் ஒரு பிடி பெற்றுத் திரும்புகையில், என் தெருவில் புதிதாகக் கட்டிய வீட்டின் முன் ஒரு மூதாட்டியார் கதிரைக் கையில் ஏந்தி நின்றிருந்தார். வழவழப்பான சுவர், உத்தரமும் இல்லை, ஆணியும் இல்லை. சிறிது நேரம் மேலும் கீழும் பார்த்தவர், பின்பு சேலை நுனியிலிருந்து நூல் ஒன்றை இழுத்துச் சாளரக் கம்பியில் அதைக் கட்டிவிட்டு உள்ளே சென்றார்.