மேட்பிளாட்லிப் வரைபடங்களைக் கோப்பாகச் சேமித்தல்

மேட்பிளாட்லிப் என்பது எண் தரவுகளை வரைபடங்களாக வரைய உதவும், பைத்தான் நிரலாக்க மொழிக்கான கட்டற்ற மென்பொருள் நூலகம் ஆகும். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹண்டர் இதனை உருவாக்கி 2003 ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் 2012 இல் மறைந்த பின்னர் தன்னார்வலர் குழு இதனைப் பேணி வருகிறது. இந்நூலகம் திரையில் உள்ள படத்தை அப்படியே படியெடுப்பதில்லை. "சேவ்ஃபிக்" என்னும் கட்டளை கிடைத்ததும் கோப்புக்கென மீண்டும் ஒருமுறை வரைகிறது. சேமிப்பில் நேரும் பிழைகள் பலவற்றை இதனைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

வெற்றுக் கோப்பு

திரையில் தோன்றிய வரைபடம் கோப்பில் வெண்மையாக இருப்பது பரவலான சிக்கல் ஆகும். "ஷோ" கட்டளையால் தோன்றும் சாளரத்தை மூடியதும் அப்படம் நினைவகத்திலிருந்து நீக்கப்படுகிறது. அதன்பின் சேமிக்க முயன்றால் புதிய, வெறுமையான படமே உருவாகிச் சேமிக்கப்படும். எனவே, காட்டுவதற்கு முன்பே சேமித்தல் வேண்டும். ஜூப்பிட்டர் குறிப்பேட்டில் வரையும் கட்டளைகளும் சேமிக்கும் கட்டளையும் ஒரே கட்டத்தில் இருத்தல் நன்று.

கோப்பு காணாமற்போதல்

முழுப் பாதையின்றிப் பெயர் மட்டும் தரப்பட்டால், நிரல் அப்போது இயங்கும் கோப்புறையில் படம் சேரும். அது நிரல் கோப்பு உள்ள இடமாகவே இருக்க வேண்டியதில்லை. அதே பெயரில் முன்பே கோப்பு இருந்தால், எச்சரிக்கையின்றி அதன்மேல் எழுதப்படும். படத்திலிருந்து மூல எண்களைத் துல்லியமாக மீட்பது அரிது. ஆதலால் நெடுநேரம் ஓடிய கணிப்பின் தரவைத் தனிக்கோப்பாகவும் சேமித்தல் இன்றியமையாதது.

தெளிவின்மையும் வெட்டுப்படுதலும்

இயல்பான படத்தின் அளவு 6.4 × 4.8 அங்குலம், அங்குலத்திற்கு 100 படப்புள்ளிகள். எனவே பிஎன்ஜி கோப்பு 640 × 480 படப்புள்ளிகளே கொண்டிருக்கும். அச்சுக்கு 300 எனக் குறிப்பிட்டால் 1920 × 1440 கிடைக்கும். பிடிஎஃப், எஸ்விஜி ஆகியவற்றில் கோடுகள் வடிவங்களாகவே பதியப்படுவதால், பெரிதாக்கினாலும் மங்குவதில்லை. அச்சுப் பெயர்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டால், சேமிக்கும் கட்டளையில் "பிபாக்ஸ் இஞ்சஸ்" அளவுருவை "டைட்" எனத் தருதல் வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் சிதைதல்

இந்நூலகத்தின் இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதனால் தமிழ்ப் பெயர்கள் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைத் தேர்ந்தால் கட்டங்கள் மறையும். எனினும் சிக்கல் முழுமையாகத் தீராது.

எடுத்துக்காட்டாக, புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் உள்ள உறுவையாறு என்னும் ஊரின் மழையளவை வரைவதாகக் கொள்வோம். ஒருங்குறியில் "வை" என்பது முதலில் வகரமும் அடுத்து ஐகாரக் குறியும் எனச் சேமிக்கப்படுகிறது. குறியை வகரத்திற்கு இடப்புறம் நகர்த்துவதும், "று" என்பதை ஓரெழுத்தாக இணைப்பதும் எழுத்து வடிவமைப்புப் பொறியின் பணி. மேட்பிளாட்லிப்பின் 3.10 வரையிலான பதிப்புகளில் இப்பொறி இல்லை. ஆகவே ஐகாரக் குறி வகரத்திற்கு வலப்புறம் நிற்கும். உகரக் குறியும் பிரிந்து நிற்கும். ஆய்வேட்டில் ஊர்ப்பெயரே பிழையாக அச்சேறும். இப்பிழை திரையிலும் பிஎன்ஜி, பிடிஎஃப் கோப்புகளிலும் ஒன்றுபோல் காணப்படும்.

இதற்கு இரு தீர்வுகள் உண்டு:

1. "எஸ்விஜி ஃபாண்ட்டைப்" என்னும் அமைப்பை "நன்" என மாற்றி எஸ்விஜி வடிவில் சேமித்தல். அப்போது பெயர்கள் வரைகோடுகளாக மாற்றப்படாமல் உரையாகவே பதியப்படும். திறக்கும் உலாவி அவற்றைச் சரியாக வடிவமைக்கும். பார்ப்பவர் கணினியில் தமிழ் எழுத்துரு இருத்தல் வேண்டும்.

2. ராக்ம் நூலகத்தின் துணையுடன் எழுத்துகளை வடிவமைக்கும் எம்பிஎல்கெய்ரோ என்னும் பின்முனையைப் பயன்படுத்துதல். இதன்வழி பிஎன்ஜி, பிடிஎஃப் கோப்புகளிலும் தமிழ் பிழையின்றி அமையும்.