தோல் நிறத் துணி

சினிமாவில் உடம்பைக் காட்டுகிறார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால், எந்தப் படம், எந்தப் பாட்டு என்று கேட்பேன். பெரும்பாலும் அங்கே தெரிவது உடம்பல்ல, துணி. ஜாக்கெட் தைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் நான், இதை அடித்துச் சொல்வேன். தமிழ்ப் படத்தின் கவர்ச்சியில் பாதிக்குமேல் தையல்காரர்களின் கைவேலை. பழி மட்டும் அதைப் போட்டுக்கொண்டு ஆடிய பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

பினாங்கில் எங்கள் தெருவுக்கு இன்று பெயர்ப்பலகையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. எங்கள் வாயில் இன்னும் பிட் ஸ்திரீட்தான். 1801ல் காதர் மொய்தீன் தொடங்கிய பள்ளிவாசல் ஒரு பக்கம், சீனர்களின் குவான் யின் கோவில் ஊதுபத்திப் புகை இன்னொரு பக்கம், முதுகுப்புறத்தில் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவில். நடுவே நகைக்கடைகள், காசு மாற்றும் கடைகள். மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் திரும்பினால் துணிக்கடைகள். அத்தாவின் குடும்பம் கடையநல்லூரில் தறி நெய்தது. தறி சோறு போடாமல் போனதும் கப்பலேறினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இங்கே அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள், என் அம்மாவும் அப்படித்தான். அம்மாவின் கை எரிச்சலைப் பார்த்துப் பார்த்தே நான் மெஷினில் உட்கார்ந்தேன்.

கப்பலில் வந்த துணியில் முக்கியமானது வாயில் என்கிற மெல்லிய துணி. ரூபியா வாயில் என்றால் நம் பெண்களுக்கு ஜாக்கெட், சீன வீட்டு நோன்யாக்களுக்குக் கெபாயா. நோன்யா கிழவிகள் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பாஜு பாஞ்சாங் போட்டார்கள். 1920, 30களில் அவர்கள் மகள்கள் அதை விட்டுவிட்டு, இடுப்போடு நிற்கும் மெல்லிய கெபாயாவுக்கு மாறினார்கள். உள்ளே வெள்ளைக் கையில்லாச் சட்டை தெரியும். முன்பக்கம் பொத்தான் கிடையாது, மூன்று குரோங்சாங் ஊசிகள்தான் பிடித்துக்கொள்ளும். சல்லடைத் துணி, அதற்குள் இன்னொரு துணி, மேலே பூ வேலை. பார்க்கிற கண் உள்ளே போக முயன்று பூவிலேயே தடுக்கி நிற்கும். 2024ல் யுனெஸ்கோ அந்தக் கெபாயாவை ஐந்து நாடுகளின் பொது மரபாக ஏற்றுக்கொண்டது. அறுபதுகளில் அதே உடையைச் சலோமா உடலோடு ஒட்டித் தைத்துப் போட்டபோது முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

சலோமா, 1929ல் இதே பினாங்கில் பிறந்த பி. ராம்லியின் மனைவி, பெரிய பாடகி. ராம்லிக்கு முதல் கதாநாயகன் வேடம் கொடுத்த ‘பக்தி’ படத்தை 1950ல் இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம்மவர். மலாய்ப் படங்களின் ஆட்டபாட்டத்தில் சென்னை, பம்பாய்ப் படங்களின் வாசனை அடிப்பதற்கு அவரைப் போல இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள்தான் காரணம். ஆக, இடுப்பை எப்படிக் காட்டுவது என்கிற பாடம் கப்பலில் வந்ததுதான், துணி வந்த அதே வழியில்.

எங்களுக்கு மாதிரி காட்டியது ‘பேசும்படம்’ சினிமாப் பத்திரிகை, பிறகு ‘பொம்மை’. வாடிக்கைக்காரி ஒரு பக்கத்தைக் கிழித்து மடித்து மணிபர்சில் கொண்டு வருவாள். “அக்கா, இதே மாதிரி கழுத்து.” படத்தில் முன் கழுத்து மட்டும்தான் இருக்கும். முதுகு எப்படி என்று பத்திரிகை காட்டாது. அதற்காகவே படம் பார்க்கப் போவேன். நாயகி திரும்புகிற ஒரு நொடியில் பின் கழுத்து இறக்கம் எத்தனை விரல், முடிச்சா கொக்கியா, குறுக்கு வெட்டா நேர் வெட்டா என்று பிடித்துவிட வேண்டும். கதை அப்புறம்.

அப்படிப் பார்த்துத்தான் அந்த ரகசியம் பிடிபட்டது. எழுபதுகளில் ஜோதிலட்சுமி, ஜெயமாலினி ஆடும்போது வயிறும் முதுகும் திறந்து கிடப்பதுபோல் இருக்கும். முழங்கையை மடக்கும்போது பாருங்கள். தோல் மடியும்போது தடிப்பாய் மடியும். அங்கே மெல்லிசாய் மூன்று நான்கு கோடுகள் விழும், ஓரத்தில் சின்னச் சுருக்கம் நிற்கும். அது தோல் நிற நெட். கழுத்தில் ஆரம்பித்து மணிக்கட்டு வரை போகும், விளிம்பை மணிமாலையோ ஜிகினாவோ மறைக்கும். இந்தியில் ஹெலன் ஆடியதும் இப்படித்தான். 1962ல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மர்லின் மன்றோ பிறந்தநாள் வாழ்த்துப் பாடியபோது போட்டிருந்த கவுனும் தோல் நிறத் துணியில் கல் பதித்ததுதான், தைத்துக் கொடுத்தவர் ஜீன் லூயி. 2016ல் அது 48 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. துணி அவ்வளவு மெல்லியது, தையல் அவ்வளவு நுணுக்கம்.

இதையெல்லாம் வளர்த்துவிட்டது தணிக்கை. இந்தியாவில் சினிமாட்டோகிராஃப் சட்டம் 1952, மலாயாவில் பிலிம் தணிக்கைச் சட்டமும் அதே 1952. தமிழ்ப் படம் சென்னையில் ஒரு கத்தரியைத் தாண்டி, இங்கே இன்னொரு கத்தரிக்குக் கழுத்தை நீட்டியது. முத்தமும் தோலும் கூடாது என்றால் இயக்குநர் என்ன செய்வார்? இரண்டு பூவை முட்டவிட்டார், மழையில் நனைத்தார், தையல்காரரைக் கூப்பிட்டார். 1969ல் இந்தியத் தணிக்கையை ஆராய்ந்த கோஸ்லா குழு, கதைக்குத் தேவையானால் முத்தத்தையும் நிர்வாணத்தையும் அனுமதிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தது. அதன் பிறகும் நம் படங்களில் பூக்கள்தான் முட்டிக்கொண்டன. அதற்கும் முன்னால், 1944ல், ‘ஹரிதாஸ்’ படத்தில் ரம்பாவாக வந்த டி.ஆர். ராஜகுமாரி எதையும் திறக்கவில்லை. கண்ணை வைத்தே காரியத்தை முடித்தார். சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்டது படம்.

தணிக்கைச் சட்டம் வந்த அந்த 1952ல்தான் ஈப்போ மேடை ஒன்றில் ரோஸ் சான் ஆடும்போது உள்ளாடை அறுந்து விழுந்தது. சீனாவில் பிறந்து கோலாலம்பூரில் வளர்ந்த கேபரே நடனக்காரி. கூட்டம் கைதட்டிய தட்டில் அதுவே அவர் தொழிலாயிற்று. அறுந்துபோன ஒரு தையலால் ஒரு பெண்ணின் வாழ்க்கை திரும்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். மலாயா முழுக்கக் கேளிக்கைப் பூங்காக்களில் ஆடி, சம்பாதித்ததில் முதியோர் இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்தார். 1987ல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களே அவர் பெயரை வீட்டில் சொல்லக் கூசினார்கள்.

சில்க் ஸ்மிதாவுக்கும் அதே கதிதான். ஆந்திராவில் விஜயலட்சுமியாகப் பிறந்து, 1980ல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சாராயக் கடைப் பெண்ணாக வந்தவர். மறு வருடமே ‘அலைகள் ஓய்வதில்லை’யில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி எவ்வளவு நன்றாக நடித்தார்! அப்படி நடிக்கத் தெரிந்தவரை அதன் பிறகும் படத்துக்கொரு பாட்டு என்று உரித்தெடுத்தார்கள். 1996 செப்டம்பரில் முப்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தார். துணியின் அளவை முடிவு செய்தது தயாரிப்பாளர், வெட்டியது தையல்காரர், கேமரா வைத்தது இன்னொருவர். பெயர் கெட்டது அவருக்கு மட்டும். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்குத் தெருவிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும். அதற்கு ஒரு மாதம் முன்பே என்னிடம் மஞ்சள் ஜாக்கெட்டுகள் குவியும். பால்குடப் பெண்கள் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவை ஒட்டியபடி படி ஏறுவார்கள். யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை, பார்க்கக் கூடாதென்று எல்லோருக்கும் தெரியும். 1985ல் இந்திப் படம் ஒன்றில் ராஜ் கபூர் நடிகை மந்தாகினிக்கு வெள்ளைப் புடவை கட்டி அருவியில் நிறுத்தியபோது நாடே பேசியது. இரண்டு இடத்திலும் ஈரம் ஒன்றுதான், துணியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பார்க்கச் சொல்லி அழைப்பது யார் என்பதில்தான் வித்தியாசம். இப்போது எங்கள் பள்ளிவாசலில் அரைக்கால் சட்டையோடு வரும் வெள்ளைக்காரர்களுக்கு அங்கி கொடுக்கிறார்கள். அவர்களும் மறு பேச்சில்லாமல் போட்டுக்கொள்கிறார்கள்.

இன்றைய மணப்பெண்கள் போனை நீட்டுகிறார்கள். நடிகை யாரோ விருது விழாவில் போட்ட ஜாக்கெட். முதுகு முழுக்க வெறுமை, நடுவில் சரிகைக் கொடி மட்டும் மிதக்கிறது. பழைய நெட் வேலைதான், ஜெயமாலினி போட்டது இன்று முகூர்த்தத்துக்கு வந்திருக்கிறது. அதே பெண்ணின் பாட்டி ஜெயமாலினி பாட்டு வந்தால் டிவியை அணைக்கச் சொல்லியிருப்பார்.

எனக்கு இதில் ஒரே தகராறு கடைக்காரரோடுதான். தோல் நிறம் என்று அவர் எடுத்துப் போடும் நெட், வெள்ளைக்காரித் தோல் நிறம். நம் பெண்ணின் முதுகில் வைத்தால் கட்டுத் துணி மாதிரி வெளிறி நிற்கும். அந்தக் காலத்து நடனக்காரிகளுக்கும் அதையேதான் மாட்டியிருக்கிறார்கள், விரல்களும் முகமும் ஒரு நிறம், வயிறு ஒரு நிறமாய்த் திரையில் தெரியும். நான் கறுப்புத் தேயிலையைக் கொதிக்கவிட்டு, கொஞ்சம் உப்புப் போட்டு, நெட்டை முக்கி எடுப்பேன். ஈரத்தில் கருமையாய்த் தெரியும், காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். அதனால் காயவிட்டு, பெண்ணை வரச் சொல்லி, தோளில் வைத்து வெயிலில் பார்த்த பிறகுதான் கத்தரி எடுப்பது. சேரவில்லை என்றால் இன்னொரு முக்கு.