எட்டாவது பிட் என்கிற புறம்போக்கு

கணினியில் கட்டளைகளை எழுத்தாகத் தட்டி வேலை வாங்கும் கறுப்புத் திரைக்கு முனையம் என்று பெயர். அதில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஆங்கில எம்மைத் தட்டினால் என்டர் தட்டியதாகிறது. ஐ தட்டினால் டேப். யாரோ நம் வசதிக்காக யோசித்து வைத்த குறுக்குவழி என்று நினைத்துவிட வேண்டாம். எம் பதின்மூன்றாவது எழுத்து, என்டரின் எண் 13. ஐ ஒன்பதாவது, டேப்பின் எண் 9. முனையத்துக்கு எண்தான் தெரியும். எந்த விரல் எங்கே இருந்தது என்பது தெரியவே தெரியாது.

இதெல்லாம் பொறியாளர் சமாச்சாரம் என்று நம் சூழலில் ஒதுக்கிவிடுவது வழக்கம். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். எனக்கு இது எழுத்ததிகாரப் பிரச்சினையாகவே படுகிறது, அதிகாரம் என்ற சொல்லின் இரண்டு பொருளிலும்.

1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற குறியீட்டுத் தரம் வெளியானது. ஏழு பிட், 128 இடங்கள். முதல் 32 இடங்கள் எழுத்துக்கு அல்ல, உத்தரவுக்கு: வரித் தொடக்கத்துக்குத் திரும்பு, மணியடி, செய்தி முடிந்தது. அந்த ஆண்டிலேயே வந்த டெலிடைப் 33 நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் இயந்திரம். கம்பியில் போனது எண் மட்டுமே. ஒரு விசை அழுத்தப்பட்டிருக்கிறது, இன்னும் விடப்படவில்லை என்கிற சேதிக்கு அங்கே இடமில்லை. அதனால் கன்ட்ரோல் தனியாக எதையும் அனுப்பாது. கூட வரும் எழுத்தின் எண்ணிலிருந்து 64ஐக் கழிக்கும். எம் 77, கழித்தால் 13. சின்ன எம் 109, அதில் 96 கழிகிறது, மறுபடி 13. கன்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினாலும் பழைய முனையத்துக்கு வித்தியாசம் தெரியாதது இதனால்தான்.

குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் இன்னொன்றை அண்டி வாழ்பவையாகத் தொல்காப்பியர் பிரித்து வைத்தார். அண்டியாவது அவை ஒலிக்கின்றன. கன்ட்ரோல் நம் புள்ளி மாதிரி: தனக்கென்று ஒலியில்லை, தொட்ட எழுத்திலிருந்து ஒன்றைப் பறித்துக்கொள்ளும். கட்டுப்பாடு என்று பெயர் வைத்த விசை கழித்தலாகவே இயங்குவதை ஒரு சொல்லாடலாக விரிக்க ஆசைதான். இருக்கட்டும், சங்கதி வேறு இடத்தில் இருக்கிறது.

1976இல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் உருவாக்கிய ஈமேக்ஸ் எழுதிக்கு 32 உத்தரவுகள் போதவில்லை. மெட்டா என்ற இன்னொரு விசையையும் அது பயன்படுத்தியது. மெட்டா கழிக்காது, 128ஐக் கூட்டும். ஆஸ்கிக்கு ஏழு பிட் போதும். எட்டாவது சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்வோம் என்பதுதான் கணக்கு.

யாருக்குச் சும்மா கிடந்தது? ஆங்கிலத்துக்கு. புறம்போக்கு என்று பதிவேட்டில் எழுதுகிறவன் கண்ணுக்கு அங்கே மேயும் மாடு தெரிவதில்லை. 1987இல் வந்த மேற்கு ஐரோப்பியத் தரம் பிரெஞ்சு மொழியின் குறியிட்ட எழுத்துகளை அந்த மேல்பாதியில்தான் குடிவைத்தது. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட இஸ்கியும் தமிழ் உள்ளிட்ட நம் எழுத்துகளை அங்கேயே வைத்தது. ஏற்கெனவே அங்கே கட்டளைகள் கொட்டகை போட்டிருந்தன. சின்ன ஹெச் 104. மெட்டா சேர்ந்தால் 232. இஸ்கியில் 232 எது தெரியுமா? புள்ளி. ஈமேக்ஸில் மெட்டா ஹெச் என்றால் பத்தி முழுவதையும் குறித்துக்கொள் என்று கட்டளை. ஆக, வந்து சேர்ந்த 232 மெய்யெழுத்தின் புள்ளியா, பத்தியைப் பிடிக்கச் சொல்லும் உத்தரவா என்று எண்ணை வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. மெட்டாவுக்குப் பதிலாக எஸ்கேப்பின் 27ஐ முன்னால் அனுப்பி, பிறகு எழுத்தை அனுப்புவது. இதிலும் ஒரு சிக்கல். 1978இல் வந்த டிஜிட்டல் நிறுவனத்தின் விடி100 முனையத்தில் அம்பு விசைகளும் 27இல்தான் தொடங்கும். எஸ்கேப்பை மட்டும் தட்டிவிட்டு ஒருவர் நிறுத்திக்கொண்டாரா, இன்னும் ஏதாவது வருமா? கையின் சேதியைத் தொலைத்துவிட்டபடியால், நிரல் கொஞ்ச நேரம் காத்திருந்து ஊகிக்கிறது.

இப்போது யூடிஎஃப்-8. ஒரு 'க' மூன்று பைட், மூன்றுமே 128க்கு மேல். எட்டாவது பிட்டை மெட்டாவுக்கு விட்டுக்கொடுத்தால் தமிழே போயிற்று. எஸ்கேப் வழிதான் பரவலாக நிலைத்திருக்கிறது. கன்ட்ரோல் மட்டும் அசையவில்லை. அந்த 32க்குள் கன்ட்ரோல் 'க' என்று ஒன்று கிடையாது. தமிழ்99இல் 'க' இருப்பது ஆங்கில ஹெச்சின் இடத்தில். முனையம் அதை ஹெச்சாகத் திருப்பி வாசித்தால் கிடைப்பது 8, அதாவது பேக்ஸ்பேஸ். முந்தைய எழுத்து அழியும்!

கிட்டி போன்ற புதிய முனையங்கள் வேறொரு நெறிமுறை வைத்திருக்கின்றன. விசையின் யூனிகோடு எண் தனி, கூட அழுத்திய விசைகளுக்கான எண் தனி. கன்ட்ரோல் ஷிஃப்ட் ஐ அங்கே 105, 6, டேப்போடு குழம்பாது. விசைப்பலகை அமைப்பே தமிழானால் கன்ட்ரோல் 'க'வுக்கும் 2965, 5 என்று சொந்த எண் உண்டு. ஆனால் இப்படி அனுப்பு என்று நிரல் முதலில் கேட்க வேண்டும். கேட்காத நிரலுக்கு முனையம் 1963இன் கணக்கையே ஒப்பிக்கிறது.