அடாப்டர் முதுகில் எழுதியிருப்பது

டெல் லேப்டாப்பின் சார்ஜர் ஒயரை எலி கடித்துக் குதறிவிட்டது. ரிச்சி தெருவுக்குக் கிளம்புமுன் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்து, மொபைலில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. அதற்கு என்னாலான உரை:

'இன்புட்: 100–240 வோல்ட், 50–60 ஹெர்ட்ஸ்'

சுவரிலிருந்து உள்ளே போவது. நம் வீட்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இதற்குள் அடக்கம். லேப்டாப் சார்ஜர்களில் அநேகமாக இதே வரிதான் இருக்கும், மேலே போகலாம்.

'அவுட்புட்: 19.5 வோல்ட்'

உயிர்நிலை இதுதான். பக்கத்தில் ஒரு கோடு, அதன் கீழே மூன்று துண்டுக் கோடுகள்: நேர்திசை மின்சாரம் என்பதற்குக் குறி. வோல்ட் என்பது அழுத்தம். அதைக் கொடுப்பது சார்ஜர். லேப்டாப்புக்கு அதில் பேச்சில்லை. ஆகவே புதியதிலும் இதே எண் வேண்டும். 19, 19.5 என்ற அரை வோல்ட் வித்தியாசத்தைப் பெரும்பாலான லேப்டாப்கள் பொறுத்துக்கொள்ளும். முனை சேர்கிறதே என்று 24 வோல்ட் அடாப்டரைச் செருகினால் பொறுக்காது.

'3.34 ஆம்பியர்'

கடையில் எல்லாரும் தடுமாறுவது இங்கே. கடைக்காரர் 4.62 ஆம்பியர், 90 வாட் சார்ஜரை எடுத்து வைத்தார். "ஜாஸ்தி கரண்ட் போயி எரிஞ்சிடாதாண்ணே?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற இளைஞர். எரியாது தம்பி. மொட்டைமாடித் தொட்டி பெரிது என்பதற்காகக் குழாயில் தண்ணீர் பீறிட்டு வருமா? தொட்டியின் உயரம் வோல்ட், கொள்ளளவு ஆம்பியர். திறக்கிற அளவுக்குத்தான் வரும். ஆம்பியர் கூடலாம், குறையத்தான் கூடாது. 45 வாட்டை மாட்டினால் அடாப்டர் தோசைக்கல்லாகக் கொதிக்கும். சார்ஜும் ஏறுவேனா என்று அடம்பிடிக்கும்.

'65 வாட்'

19.5ஐ 3.34ஆல் பெருக்கினால் 65.13. கணக்கு உதைக்கிற லேபிளை வாங்காமல் வருவதே நல்லது.

நடுவில் புள்ளி, சுற்றி வளையம், பிளஸ், மைனஸ்

உள்ளே பாசிட்டிவ், வெளியே நெகட்டிவ். மாறியிருந்தால் தொடவே வேண்டாம்.

'ஆர்' எனத் தொடங்கும் 8 இலக்க எண்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண். பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் தயாரிப்பாளர் பெயர் வரவேண்டும். வராவிட்டால் விலை மலிவாயிருந்ததன் காரணம் புரிந்துவிடும்.

இனி, மூலத்தில் இல்லாதது. டெல்லின் உருண்டை முனையில் நடுவே ஊசி ஒன்று நிற்கும். அது லேப்டாப்புக்கு மின்சாரம் தர வந்ததல்ல. அடாப்டருக்குள் இருக்கும் ஒரு சிப்பிடம் 'நீ எத்தனை வாட்?' என்று விசாரிக்கும் வழி. பதில் வராவிட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் வேகம் குறையும், பேட்டரி ஏறாது. முனையிலும் 7.4 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் என இரண்டு உண்டு. யுஎஸ்பி-சி சார்ஜரில் இந்த விசாரணை இன்னும் நாகரிகமாக நடக்கும்: 5, 9, 15, 20 வோல்ட்டில் எது வேண்டும் என்று இருவரும் பேசி முடித்த பிறகே 5 வோல்ட்டைத் தாண்டி ஏறும்.

லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அந்த 90 வாட்டைச் செருகினார். விளக்கு எரிந்தது, பேட்டரி 41 சதவீதத்தில் அசையாமல் நின்றது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து, கீழ் டிராயரைத் திறந்தார்.