கார் ரேஸ் சிமுலேட்டர் வாங்கப் போறீங்களா? விலையை மட்டும் பார்க்காதீங்க!

வீட்டு கம்ப்யூட்டரில் நிஜ ரேஸ் மாதிரியே கார் ஓட்டணும்னு ஆசையா? 'சிமுலேஷன்' என்ற பெயரில் ஏகப்பட்ட கேம்கள் இருக்கின்றன. வாங்கும் முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

சிமுலேட்டர்னா என்ன?

சாதாரண ரேஸ் கேமில், வளைவில் வேகமாகத் திருப்பினாலும் கார் சமாளித்துவிடும். சிமுலேட்டர் அப்படி விடாது. டயரின் சூடு, காற்றழுத்தம், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் சாயும் எடை எல்லாவற்றையும் கணக்கிடும். கொஞ்சம் பிசகினாலும் கார் சுழன்றுவிடும்.

யாரோடு ஓட்டப் போறீங்க?

தனியாக, விதவிதமான கார்களை ஓட்ட: 2014-ல் வெளியான இத்தாலியத் தயாரிப்பு 'அசெட்டோ கோர்ஸா'. ரசிகர்கள் உருவாக்கிய கார்களையும் டிராக்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், அசல் கேமில் மழை கிடையாது.

மழையும் இரவும் வேண்டுமென்றால்: 2019-ல் வந்த 'அசெட்டோ கோர்ஸா காம்பெடிஸியோனே'. இது முக்கியமாக ஜிடி ரக கார்களுக்கானது.

ஆன்லைனில் மற்றவர்களோடு மோத: 2008-ல் தொடங்கிய 'ஐரேஸிங்'. குறித்த நேரத்தில் ரேஸ் நடக்கும். அடிக்கடி இடித்தால் உங்கள் பாதுகாப்பு மதிப்பெண் குறையும்.

கம்ப்யூட்டர் தாங்குமா?

அசெட்டோ கோர்ஸாவுக்கு குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் போதும். காம்பெடிஸியோனேவுக்குப் பரிந்துரைக்கப்படுவது 16 ஜிபி. நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஐரேஸிங்குக்குச் சந்தா உண்டு. அதில் வராத கார், டிராக்குகளுக்குத் தனிக் காசு. சந்தாவை நிறுத்தினால், காசு கொடுத்து வாங்கிய காரையும் ஓட்ட முடியாது. 'ரேஸ்ரூம்' இலவசம்தான், ஆனால் சில கார்களும் டிராக்குகளும் மட்டுமே சும்மா கிடைக்கும். முதலில் இதில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஸ்டியரிங் வீல் அவசியமா?

ஆரம்பத்தில் கேம்பேட் போதும். கீபோர்டு சரிவராது, ஸ்டியரிங்கை அளவாகத் திருப்பவே முடியாது. ஆர்வம் நீடித்தால், ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ள வீல் வாங்குங்கள். டயர் பிடி இழப்பது கையிலேயே தெரியும். சக்கர நாற்காலியில் உட்காராதீர்கள், பிரேக்கை மிதித்தால் பின்னால் ஓடிவிடும்!

பிடிக்காவிட்டால்?

ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பட்டன்களை செட் செய்யும் நேரமும் இந்த 2 மணி நேரத்தில் சேரும். அதனால் நிதானமாக உட்கார நேரம் இருக்கும் நாளில் கேமைத் திறங்கள்.