பூலாம்பட்டித் துறை

துறை என்னும் சொல் ஆற்றில் இறங்குமிடத்தையும் அகப்புறப் பாடல்களின் பாகுபாட்டையும் ஒருங்கே குறிக்கும். சேலம் மாவட்டத்தின் மேற்கெல்லையில் அச்சொல்லுக்கு உயிர் தந்து நிற்பது பூலாம்பட்டி. காவிரியின் எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டை.

1934-இல் மேட்டூர் அணை நிறைவுறும் முன் ஆறு இங்குத் தன் போக்கில் பெருகியது, வற்றியது. மூங்கிலால் முடைந்து தோல் போர்த்த பரிசலே மக்களைக் கரை சேர்த்தது. அணை வெள்ளத்தை அடக்கியது. மேலே சில ஊர்களை நீருள் ஆழ்த்தவும் செய்தது. நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடியருகே ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி இன்றும் தலைகாட்டும்.

பின்னர் மின்னாக்கத்திற்கென எழுந்த கதவணை, பூலாம்பட்டியில் ஓடும் நீரைத் தேங்கும் நீராக்கியது. பரிசல் ஒதுங்க விசைப்படகு வந்தது. மிதிவண்டியைப் படகிலேற்றி அக்கரை சேர்ந்து மிதித்துச் செல்லுதல், நீரழகைக் காண வருவோர்க்கு உலா. கரைவாழ் மக்களுக்கோ பிழைப்பின் வழி.

கீழே, நாமக்கல் கவிஞர் 1888-இல் பிறந்த மோகனூரில், வாங்கற் கரைக்குப் பாலம் எழுந்துவிட்டது. பாலம் நன்மையே. ஆயினும் அணைகளுக்குக் கல்வெட்டு உண்டு, துறைகளுக்கு இல்லை. பரிசல் தள்ளியவர் நினைவோடு அவற்றின் வரலாறும் கரைந்துபோகும். அதனை எழுதிவைத்தல், துறையறிந்து பாடும் கவிஞர்தம் கடனாகும்.