பழுது பார்த்தவர் வழி வந்த வண்டி



வரலாறு என்றவுடன் கோட்டையும் கொத்தளமும் செப்பேடும் கல்வெட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. கமுதியில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டி நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் வரலாற்றை நான் இன்று சொல்லப் போகிறேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், அதை ஒரு முறை நானே கெடுத்தேன். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானே பழுது பார்த்தும் வருகிறேன்.

ஜப்பானில் 1969-ஆம் ஆண்டு டாட்சன் 240 இசட் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. அமெரிக்காவில் இன்றும் அந்தக் காரைத் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே பிரித்துப் பூட்டி, துரு நீக்கி, உயிரோடு வைத்திருப்பவர் பலர் உண்டு. எங்கள் கரிசல் காட்டுக்கு அத்தகைய கார் வரவில்லை. ஜப்பானியர் கண்ட வேகம் எங்களிடம் இரண்டு சக்கரத்தில்தான் வந்தது. யமாஹா ஆர்.எக்ஸ். 100 என்பது அதன் பெயர். என் தந்தையார் 1990-ஆம் ஆண்டில், மிளகாய் விற்ற பணத்தில் அதை வாங்கினார்.

நான் கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்தே உள்ளே சென்றாக வேண்டும். அதற்கென்று வண்டியில் தனி எண்ணெய்த் தொட்டியும், இன்ஜினின் வேகத்திற்கேற்ப எண்ணெயை அளந்து விடும் சிறு பம்பும் உண்டு. கல்லூரியில் உடன் படித்த ஒருவன், அந்தப் பம்பை அடைத்துவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றினால் வண்டி இன்னும் துள்ளும் என்றான். அடைத்தேன். 1993-ஆம் ஆண்டுச் சித்திரையில் ஒரு நாள், பார்த்திபனூரில் பஸ் ஏற வேண்டிய என் தாய்மாமனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பெட்ரோல் போட்டேன், எண்ணெய் கலக்க மறந்தேன். அபிராமம் தாண்டியதும் இன்ஜின் ஒரு முறை முனகியது. பின்சக்கரம் அப்படியே நின்றது. வண்டி தார்ச்சாலையில் இழுத்துக்கொண்டே போய் எங்களைக் கருவேல முள்ளில் கொண்டு சேர்த்தது. எலும்பு முறியாதது எங்கள் நல்வினை.

கரிமூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்றில் வண்டியையும் ஏற்றிக்கொண்டு கமுதிக்குத் திரும்பினோம். மாமனின் வெள்ளை வேட்டி கறுத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர், “மாப்ளே, அடுத்த தடவை நான் நடந்தே போயிக்கிறேன்” என்றார். என் தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பட்டறைக்காரர் சிலிண்டரைக் கழற்றினார். பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் பிஸ்டனைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டியபோது ஓர் ஆசிரியராகவே எனக்குத் தோன்றினார். “இதைப் படி தம்பி” என்றார். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள். புகை வெளியேறும் வாயிலை நோக்கிய பக்கத்தில் அவை மிக ஆழமாக இருந்தன. வெப்பம் மிகுந்த பக்கம் அதுதான். எண்ணெய் இல்லாத இடத்தில் அலுமினியம் விரிந்து சிலிண்டர்ச் சுவரைப் பற்றிக்கொண்டது என்று விளக்கினார். சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்றார். அதற்கு ஆன செலவை இங்கே சொல்ல எனக்கு இன்றும் நாணமாக இருக்கிறது.

அந்த இன்ஜினின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமும் 50 மில்லிமீட்டர். கணக்குத் தெரிந்தவர்கள் பெருக்கிப் பாருங்கள். 98 கன சென்டிமீட்டர் வரும். ஒரு செம்பில் அடங்கும் அந்த இடத்திலிருந்து பதினொரு குதிரைகளின் ஆற்றல் கிடைத்தது. முக்கியமாக அசைபவை மூன்றே பொருள்கள்: பிஸ்டன், அதைத் தாங்கும் தண்டு, சுழலும் அச்சு. அந்த எளிமையே என்னைப் போன்றவனையும் ஸ்பேனரைத் தொடத் தூண்டியது.

கார்புரேட்டரைக் கழற்றியபோது அதன் பின்னே மெல்லிய உலோகத் தகடுகள் சில தென்பட்டன. இன்ஜின் மூச்சை உள்ளிழுக்கையில் அவை வளைந்து திறக்கும். மூச்சு திரும்பி வர முயன்றால் படிந்து மூடிக்கொள்ளும். பட்டறைக்காரர் அதை ‘ரீடு’ என்றார். ஆர்மோனியப் பெட்டிக்குள் நாதம் எழுப்பும் தகட்டுக்கும் அதுதானே பெயர் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறு ஒளிந்திருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

ஜப்பானில் ஹமமாட்சு என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில் அமெரிக்காவில் செய்த ஆர்கன் ஒன்று இருந்தது. காற்றால் ரீடுகளை அதிரச் செய்யும் இசைப்பெட்டி அது. 1887-ஆம் ஆண்டில் அது பழுதாயிற்று. அதைப் பார்க்க அழைக்கப்பட்டவர் டொரகுசு யமாஹா. அவர் இசைவாணர் அல்லர். கடிகாரமும் மருத்துவக் கருவிகளும் பழுது பார்ப்பவர். திறந்து பார்த்தார், பழுதைக் கண்டார், சரி செய்தார். அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் நமக்குக் கதை இல்லை. உள்ளமைப்பை வரைந்துகொண்டு, நண்பர் ஒருவர் துணையோடு, தாமே ஓர் ஆர்கனைச் செய்தார். அதைக் காவடிபோல் தோளில் சுமந்து, ஹகோனே மலையைக் கடந்து, சுமார் 250 கிலோமீட்டர் நடந்து டோக்கியோவின் இசைப் பள்ளிக்குக் கொண்டு போனார்கள். சுருதி சரியில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள்! யமாஹா மனம் தளரவில்லை. அங்கேயே தங்கி இசையிலக்கணம் கற்று, ஊர் திரும்பி, மீண்டும் ஒன்று செய்தார். அது தேறியது. அவர் நிறுவிய இசைக்கருவித் தொழிலின் சின்னமே, நீங்கள் பௌதிகக் கூடத்தில் காணும் இசைக்கவைகள் மூன்று.

இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தொழிற்சாலை விமானங்களுக்கு விசிறிகள் செய்தது. போர் முடிந்தபின் சும்மா கிடந்த இயந்திரங்களுக்கு வேலை வேண்டியிருந்தது. 1955-ஆம் ஆண்டில் யமாஹாவின் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. அதுவும் ஓர் அந்நிய வண்டியைப் பிரித்துப் பார்த்துக் கற்றதே. ஜெர்மனியின் சோப்பாவ் என்னும் சிற்றூரில் டி.கே.டபிள்யூ. நிறுவனம் உருவாக்கிய ஆர்.டி. 125 என்பது அதன் மூலம். போரில் தோற்ற ஜெர்மனியின் அந்த அமைப்பை வென்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர், அமெரிக்கர், ரஷ்யர் ஆகிய மூவரும் அதே வண்டியைத் தத்தம் பெயரில் செய்தனர். படியெடுத்ததில் ஜப்பானியரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று என்பது என் கருத்து.

சோப்பாவின் கதை அத்தோடு முடியவில்லை. நாடு பிரிந்தபின் அவ்வூர் கிழக்கு ஜெர்மனியில் அகப்பட்டது. அங்கே எம்.இசட். நிறுவனத்தின் பந்தயப் பிரிவில் வால்டர் காடன் என்னும் பொறியியலாளர் பணியாற்றினார். பணம் இல்லை, நல்ல உலோகமும் எளிதில் கிடைக்காது. அவர் புகைக்குழாயின் ஒலியை ஆராய்ந்தார். இவ்வகை இன்ஜினில், புகை வெளியேறும் வாயில் திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோல் ஆவியும் உள்ளே நுழைகிறது; அதில் ஒரு பங்கு புகையோடு வீணே ஓடிவிடும். குழாயை முதலில் விரித்துப் பின்னர்க் குறுக்கினால், வெளியே ஓடும் ஒலியலை முதலில் உள்ளிருப்பதை இழுக்கிறது; பிறகு சுவரில் பட்டு எதிரொலியாகத் திரும்பி, தப்பிய ஆவியை உள்ளே தள்ளி மூடுகிறது. கதவே இல்லாத வாயிலுக்கு ஒலியே கதவாயிற்று! 1961-ஆம் ஆண்டில் அவருடைய 125 கன சென்டிமீட்டர் இன்ஜின் 25 குதிரைத் திறனை எட்டியது.

அவ்வாண்டு ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில், உலகப் போட்டியில் முன்னணியில் இருந்த எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடனில் பந்தயம் ஓட்டப் போனவர் ஊர் திரும்பவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் காரின் பின்பெட்டியில் ஒளிந்து எல்லை கடந்தனர். காடனின் நுட்பம் டெக்னரோடு ஜப்பானின் சுசுகி நிறுவனத்தைச் சென்றடைந்தது. மறு ஆண்டே 50 கன சென்டிமீட்டர் பிரிவின் உலகப் பட்டத்தை டெக்னர் சுசுகி வண்டியில் வென்றார். அந்நுட்பம் விரைவில் பிற ஜப்பானிய நிறுவனங்களுக்கும் பொதுவாயிற்று. டெக்னரைத் துரோகி என்பவரும் உண்டு. மனைவி மக்களோடு உரிமையாக வாழ விரும்பிய மனிதர் என்பவரும் உண்டு. நான் காடனைத்தான் அதிகம் நினைக்கிறேன். அவர் எங்கும் போகவில்லை. அதே ஊரில் தம் பட்டறையிலேயே இருந்தார்.

இந்தியாவில் ஆர்.எக்ஸ். 100 வண்டி 1985-ஆம் ஆண்டு வந்தது. சென்ற இடமெல்லாம் இளைஞர்களைக் கவர்ந்தது. 1996-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. காடன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இதற்குப் பொருள் ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதே உற்பத்தி நின்றதற்குக் காரணம். எரியாத பெட்ரோலையும் எண்ணெய்ப் புகையையும் ஊருக்குள் விடும் வண்டி அது. அதை நிறுத்தியது சரியே என்று, வண்டியை வைத்திருக்கும் நானே சொல்கிறேன். ஆகையால் ஊர்ப்பயணத்திற்கு நான் அதை எடுப்பதில்லை. திங்களுக்கு ஒரு நாள் குண்டாற்றுப் பாலம் வரை போய் வருவதோடு சரி.

வேலைகள் மட்டும் குறையவில்லை. கார்புரேட்டரின் சிறு துளைகளைக் கம்பி விடாமல் காற்றடித்துத் துடைக்கிறேன். கம்பி விட்டால் துளை பெரிதாகி அளவு கெடும். பிளக்கின் முனையைப் பார்க்கிறேன்: வெளிறியிருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருத்து ஈரமாயிருந்தால் மிகை, காப்பித் தூள் நிறமாயிருந்தால் நலம். பம்பை அடைத்த அடைப்பை 1993-லேயே எடுத்துவிட்டேன். சென்ற ஞாயிறன்று சைலன்சரின் உட்குழாயை உருவி, படிந்திருந்த கரியை நெருப்பில் சுட்டுத் தட்டினேன். என் தங்கையின் மகன் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். “மாமா, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே, வெறும் ஓட்டைதானே?” என்றான். குழாயை அவன் வாயருகே பிடித்து ஊதச் சொன்னேன்.